கோப்பையை நகர்த்தினால் என்ன மாறும்?

எம்.எஸ்சி. இயற்பியலில் 'இயற்பியலின் தத்துவம்' என்று ஒரு விருப்பப் பாடம் எடுத்திருந்தேன். அதே பாடத்தில் கட்டுரை எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதில் பெரும்பகுதி சமச்சீர் பற்றியது, அதாவது எதை மாற்றினாலும் இயற்பியல் விதிகள் அப்படியே இருக்கும் என்பது. சமச்சீரின் கணிதமான குரூப் தியரி தெரியும், சமச்சீரையும் ஆற்றல் போன்ற மாறாத அளவுகளையும் இணைக்கும் நோதரின் 1918 தேற்றம் தலைகீழ்ப் பாடம். அப்புறம் என்ன, ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாட்டிக்கொண்டேன்.

"சமச்சீர் மாற்றத்தில் எது மாறுகிறதோ அது நிஜமில்லை, கணக்கு வசதிக்காக நாம் சேர்த்தது" என்று கம்பீரமாகச் சொன்னேன். தேர்வாளர் தன் டீக் கோப்பையை மேஜைமேல் ஒரு சாண் தள்ளி வைத்தார். "இடப்பெயர்ச்சி சமச்சீர்தானே? ஒன்றும் மாறவில்லையா?" சாஸர் பழைய இடத்திலேயே இருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்த இடத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். உலகம் மொத்தத்தையும் நகர்த்துவது வேறு, அதில் ஒரு துண்டை மட்டும் நகர்த்துவது வேறு. 1715–16இல் நியூட்டன் பக்கம் நின்ற கிளார்க்கோடு நடந்த கடிதச் சண்டையில் தத்துவவாதி லைப்னிட்ஸ் பேசுவது முதல் வகை. பொருள்களுக்குள் உள்ள உறவு அப்படியே இருக்க, எல்லாவற்றையும் கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆகவே பொருள்களை விட்டுத் தனியாக வெளி என்று ஒன்று இல்லை என்பார். கலிலியோவின் கப்பல் (1632) இரண்டாம் வகை. கீழ்த்தளத்து அறையில் பறக்கும் பூச்சிகளைப் பார்த்து, கப்பல் நிற்கிறதா சீராகப் போகிறதா என்று சொல்ல முடியாது. கரையைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டையும் குழப்பினால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும்.

அடுத்து, ஒரு வரிக் கணக்கு. ஒரு பொருளின் இடத்திலிருந்து, மாறாத வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கழியுங்கள். இரண்டு முறை வகையிடுங்கள். வேகம் மாறுகிறது, முடுக்கம் மாறவில்லை. அதாவது நியூட்டனின் விதிகளுக்கே அவர் நம்பிய தனிவெளி (பொருள்களைச் சாராமல் தானாக இருக்கும் வெளி) முழுசாகத் தேவையில்லை, அந்த வெளியை வைத்து அளக்கும் தனிவேகத்தைக் கழற்றி வைத்துவிடலாம். ஆனால் சுழலும் வாளியில் தண்ணீர் விளிம்பேறுகிறதே, அந்த முடுக்கத்தைக் கழற்ற முடியாது. லைப்னிட்ஸ் கேட்ட அளவுக்கு உலகம் இளைக்காது. இதைக் கையால் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் பாடம் புரிந்தது. அதுவரை படித்ததெல்லாம் வெறும் சொல்.

காஜ் சமச்சீரில், அதாவது அளக்கும் எதையும் மாற்றாமல் கணித விவரிப்பை மட்டும் மாற்றுவதில், இதே கேள்வி விஷமாகத் திரும்பி வரும். காந்தப்புலத்தைக் கணக்கிட உதவும் வெக்டார் பொட்டென்ஷியல் என்ற அளவை, அந்தப் புலத்தைக் கெடுக்காமல் பல விதமாக மாற்றி எழுதலாம். சரி, அது வெறும் கணிதம் என்று முடித்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். 1959இல் அஹரோனோவும் போமும் காட்டியது: எலக்ட்ரான் போகும் வழியில் காந்தப்புலம் சுழியாக இருந்தாலும், அடைபட்ட புலத்தின் இருபுறமும் சுற்றி வந்து சேரும்போது எலக்ட்ரான் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கும் குறுக்கீட்டு வரிகள் நகர்கின்றன. ஆனால் அந்த நகர்வைத் தீர்மானிப்பது, பொட்டென்ஷியலை மூடிய பாதை முழுக்கக் கூட்டிய தொகை. அது காஜ் மாற்றத்தில் மாறாது. அப்படியானால் நிஜமான பொருள் எங்கே இருக்கிறது, ஒரு புள்ளியிலா, ஒரு வளையத்திலா? விடையில் ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள். நான் வளையத்தின் பக்கம், சங்கடமான பக்கம்தான்.

பொருளில்லாத ஒரு 'துளை'க்குள் வெளியின் புள்ளிகளுக்குத் தனி அடையாளம் உண்டா என்று கேட்கும், ஐன்ஸ்டைன் 1913இல் தடுக்கி விழுந்து 1915இல் எழுந்த 'துளை வாதம்' கடைசியில் வரட்டும். நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நானும் விட்டேன்.