காயலில் மிதக்கும் வேக்போர்டு சாய்தளம்

படகு இழுக்க, பலகையில் நின்று நீர்மேல் சறுக்குவதுதான் வேக்போர்டு. அதில் ஏறித் தாவ உதவும் சாய்தளத்துக்கு, கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடி காயல் போன்ற அலையடங்கிய நீரில், 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம் போதும். இதைவிடச் செங்குத்தாக வைத்தால் பலகையின் மூக்கு தளத்தில் முட்டக்கூடும்.

சட்டத்துக்கு அயனி மரம் நல்லது. உப்புநீரில் சாதாரண இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடித்துவிடும், 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டே வேண்டும். மேலே 18 மி.மீ. மரைன் பிளைவுட் (நீர் தாங்கும் ஒட்டுப்பலகை), அதன்மேல் பலகை வழுக்கிச் செல்ல 10 மி.மீ. எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் ஷீட்.

பலரும் கோட்டைவிடுவது இந்த ஷீட்டில்தான். நம்மூர் வெயிலில் 8 அடிக்குச் சில மி.மீ. நீளும். எல்லாத் துளையையும் இறுக்கினால் நடுவில் புடைத்துக்கொள்ளும். நடுவரிசையை மட்டும் இறுக்கி, மற்றவற்றை நீள்துளையாக விடுங்கள். திருகுத்தலை ஷீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும், துருத்தினால் காலைக் கிழிக்கும்.

உயர்ந்த முனைக்கடியில் இரண்டு 200 லிட்டர் டிரம், நடுவில் இரண்டு 50 லிட்டர் டிரம். ஏறும் விளிம்பு நீருக்குள் 10–15 செ.மீ. அமிழ்ந்திருக்க வேண்டும், அதற்கு மணல்மூட்டை கட்டுங்கள். மணல்மூட்டைக்குப் பதில் டிரம்மில் பாதி நீர் நிரப்பினால் அது உள்ளே அலைந்து தளத்தையே ஆட்டும்.

நான்கு மூலையிலும் நங்கூரம், வேலியேற்றத்துக்குக் கொஞ்சம் தளர்வு. விழுமிடத்தில் குறைந்தது 5 அடி ஆழம். வள்ளம் போகும் வழியில் போடவே கூடாது. மீனவர்களிடம் முதலில் கேளுங்கள். ஏறும்முன் ஷீட்டை நனைத்துவிடுங்கள், காய்ந்திருந்தால் பலகை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.