சென்சார் மண்பானைக்குள் போன பிறகுதான் 12 மணி நேர அழுத்த அலை ஒழுங்காக வந்தது

ஒருவழியாக வேலூர்க் காற்றின் அரைநாள் அலை, அதாவது காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவது, பிடிபட்டுவிட்டது. காலை 10 மணியை ஒட்டி ஒரு மேடு, மாலை 4-க்குப் பள்ளம், இரவு 10-க்கு மறுபடி மேடு, விடியற்காலை 4-க்கு மறுபடி பள்ளம். மூன்று வாரத் தரவில் 12 மணி அலையின் வீச்சு 1.1 ஹெக்டோபாஸ்கலை (100 பாஸ்கல் ஒரு ஹெக்டோபாஸ்கல்) ஒட்டி நிற்கிறது. கணக்குப்படி பூமத்திய ரேகையில் சுமார் 1.16, அதை அட்சரேகைக் கோசைனின் மும்மடியால் பெருக்கினால் 12.9 பாகைக்கு 1.07 வரும். நூற்றைம்பது ரூபாய் அழுத்த சென்சாருக்கு இது அபாரம்.

உச்சம் உள்ளூர்ச் சூரிய நேரப்படி 9:40-ஐ ஒட்டி வரவேண்டும். வேலூர் 79.1 பாகையில் இருக்கிறது, நம் கடிகாரம் 82.5 பாகைக்கு ஓடுகிறது. அதனால் சுமார் 13 நிமிடம் கூட்டித்தான் பார்க்கவேண்டும்.

பாடுபடுத்தியது வெப்பம். சென்சாரில் உள்ள பிஎம்பி 280 சிப்புக்கு ஒரு டிகிரிக்கு 1.5 பாஸ்கல் வரை விலகல் உண்டு. மாடித் தகரக் கூரையடியில் பெட்டிக்குள் 20 டிகிரி ஏறி இறங்கினால் 0.3 ஹெக்டோபாஸ்கல் பொய் அலை. அதுவும் சரியாக 24 மணிச் சுழற்சியில். "வெப்பநிலையையும் பதிந்து, கணக்கில் கழித்துவிடலாமே" என்று தோன்றும். செய்யக்கூடாது. உண்மையான 24 மணி அழுத்த அலையும் அதே தாளத்தில்தான் ஓடுகிறது. கழித்தால் பொய்யோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

சிப்பின் விலகலைத் தனியாக அளந்தாகவேண்டும். இரண்டு சென்சாரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் அருகில் மட்டும் 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டரை 5 வோல்ட்டில் கொடுத்தால் அரை வாட் சூடு கிடைக்கும். இரண்டரை மணி நேரம் சூடு, இரண்டரை மணி நேரம் ஆறவிடுதல். 5 மணிச் சுழற்சி 24-லும் 12-லும் மீதியில்லாமல் வகுபடாது, அதனால் வானத்து அலையோடு கலக்காது. இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை வெப்பநிலைக்கு எதிரே வரைந்தால் கிடைக்கும் சாய்வுதான் அந்தச் சிப்பின் எண். அடுத்தது சூடே ஏறாமல் பார்த்துக்கொள்வது. பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் வீடு கட்டி மிஞ்சிய பாலாற்று மணல், சலித்து வெயிலில் நன்றாகக் காயவைத்தது. மூடியில் ஒரு துளை. வடக்குப் பக்க அறையின் தரையில் வைத்ததும் நாள் முழுக்க ஏற்ற இறக்கம் 2 டிகிரிக்குள் அடங்கிவிட்டது. இருட்டும் சேர்ந்தே கிடைக்கிறது; வெளிச்சம் பட்டாலும் சிலிக்கான் பிதற்றும். அளவுகளைப் படித்துப் பதியும் ஈஎஸ்பி 32 போர்டு பானைக்கு வெளியே, 30 செ.மீ. வயரில். அதன் சூடும் உள்ளே போகக்கூடாது.

நிமிடத்துக்கு ஒரு அளவு, 16 மடங்கு ஓவர்சாம்பிளிங் (ஒவ்வொரு அளவையும் 16 முறை எடுத்துச் சராசரி), ஃபோர்ஸ்டு மோடு (கேட்கும்போது மட்டும் அளந்துவிட்டுத் தூங்குவது), பத்து நிமிடச் சராசரி. கரண்ட் போனால் நேரம் குழம்பாமலிருக்க டிஎஸ் 3231 கடிகாரம் கட்டாயம். சென்சாரை இடம் மாற்றவே கூடாது: கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு 3 மீட்டர் ஏற்றினாலே 0.35 ஹெக்டோபாஸ்கல் குறையும். புயல் சின்னம் வந்த நாட்களைத் தூக்கிவிட்டுத்தான் 24, 12, 8 மணி அலைகளைப் பொருத்தவேண்டும்.

சென்சார் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்களுக்கு ஒன்று: பிஎம்இ 280 என்று விற்கும் போர்டுகளில் பல, ஈரப்பதம் அளக்காத பிஎம்பி 280-தான். சிப் ஐடி (சிப்புக்குள் பதிந்த அடையாள எண்) ஹெக்ஸில் 60 வந்தால் பிஎம்இ, 58 வந்தால் பிஎம்பி. இங்கே அழுத்தம் மட்டும் போதும், அதிகக் காசு கொடுக்கவேண்டாம்.

இந்த அலை ஈர்ப்பால் வருவதில்லை. ஈர்ப்பென்றால் நிலாவின் அலைதான் பெரிதாக இருக்கவேண்டும், அதுவோ 0.1 ஹெக்டோபாஸ்கலைக்கூட எட்டாது. மேலே ஓசோனும் கீழே நீராவியும் வெயிலை உறிஞ்சிச் சூடாவதுதான் காரணம். செவ்வாயில் இதே வேலையைத் தூசி செய்கிறது. மெல்லிய காற்று என்பதால் அங்கே கேல் பள்ளத்தில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி ஒரே நாளில் சுமார் 10 சதவீத ஏற்ற இறக்கம் பார்த்தது. வேலூருக்கு அதே விகிதம் என்றால் தினமும் 100 ஹெக்டோபாஸ்கல்!

8 மணி அலை இன்னும் இரைச்சலுக்குள்தான் கிடக்கிறது. அது தெளிவதற்குள் இரண்டாவது பானையை ஏலகிரிக்கு ஏற்றிவிடவேண்டும். அரைநாள் அலை உலகளாவியது, மலையில் காற்றழுத்த விகிதத்துக்கு மட்டும் குறையவேண்டும். 24 மணி அலை தரைச் சூட்டைப் பொறுத்தது, அது அங்கே வேறு மாதிரி வரும். மணல் 15 கிலோ, பஸ்ஸில் கொண்டுபோகிற கனம்தான்.