ஒரே ஒயர், இரண்டு சம்பளம்

நீர்மூழ்கி மோட்டாருக்கு வைண்டிங் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடுகிற மோட்டார் அது. மோட்டாரில் சுழலாமல் நிற்கிற உருளைக்கு ஸ்டேட்டர் என்று பெயர். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரை அதன் ஒவ்வொரு ஸ்லாட்டுக்குள்ளும், அதாவது காடிக்குள்ளும், கையாலேயே கோத்து எடுக்க வேண்டும். ஸ்டேட்டர் நீளமாக இருப்பதால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்காருவோம். ஒருவர் தள்ளுகிற ஒயரை மற்றவர் பிடித்து இழுத்து, இன்னொரு ஸ்லாட் வழியாகத் திருப்பி அனுப்புவார். சுற்று எண்ணிக்கை இருவருக்கும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. தொட்டித் தண்ணீரில் இறக்கியதும், மின்கசிவைச் சோதிக்கிற மெக்கர் கருவி காட்டிக் கொடுத்துவிடும்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஒன்பது வருடமாக நான் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் உட்காருகிறவர் ஒரு அண்ணன். 2018 தீபாவளி சமயத்தில் அவர் தன் சம்பளச் சீட்டை நீட்டி, "பி.எஃப் எவ்வளவு புடிச்சிருக்காங்கன்னு பாரு அம்மிணி" என்றார். பார்த்தேன். அவருக்கு ஒரு நாளைக்கு 480 ரூபாய். எனக்கு 330. அவர் சீட்டில் 'வைண்டர்' என்று இருந்தது. என் சீட்டில் 'ஹெல்பர்'.

ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதல் என்று பெண்கள் எல்லோருக்கும் அரசல்புரசலாகத் தெரியும். ஆனால் நான் ஹெல்பர் என்பது அன்றுதான் என் மண்டையில் உறைத்தது. யாருக்கு ஹெல்பர்? அண்ணன் தள்ளுகிற அதே ஒயரைத்தானே நானும் இழுக்கிறேன்? அவர் வேலைக்குச் சேர்ந்தபோது சுற்று எண்ணச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். "கம்பெனி வழக்கம்மா, எல்லா இடத்திலயும் இப்படித்தான்" என்றார். எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்தேன். அதற்கும் பதில் இல்லை. அப்புறம் சங்கத்தில் இருந்த ஒருவர் சொல்லி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். இதை எத்தனை பெண்களுக்குச் சொன்னாலும் தகும்.

வக்கீலம்மா முதலில் ஒரு பழைய வழக்கைச் சொன்னார். பம்பாயில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்த ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண், ஆண் ஸ்டெனோக்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டப்படி மனுப் போட்டார். பெண் ஸ்டெனோக்கள் பெரிய அதிகாரிகளுக்கென்று இருக்கும் தனி வகை, ஆண்களோடு ஒப்பிடக் கூடாது என்று கம்பெனி வாதாடியது. உச்ச நீதிமன்றம் 1987-இல் அதை ஏற்கவில்லை. பெயர் என்னவாக இருந்தாலும் செய்கிற வேலை ஒன்றா என்றுதான் பார்க்க வேண்டும், கம்பெனியின் பணக் கஷ்டமும் இதற்குச் சாக்கு ஆகாது என்று சொல்லிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கோ ஆபீசில் டைப் அடித்த ஒரு அம்மாவுக்கும் எனக்கும் நடந்தது ஒன்றேதான்.

"சரி, நீங்க என்ன வேலை செய்றீங்க? ஒண்ணும் தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றார். அதைச் சொல்லத்தான் எனக்கு வரவில்லை. "ஒயர் இழுப்பேங்க" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அவர் கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. ஒயரை அளந்து வெட்டுவது, 24 ஸ்லாட்டில் எதிலிருந்து எதற்குப் போவது, கனெக்‌ஷன் கொடுப்பது, ஜாயிண்ட் போட்டு டேப் சுற்றுவது, மெக்கர் பார்ப்பது. ஒன்றரைப் பக்கம் ஆனது. என் வேலையை முழுசாக ஒரு தாளில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மனுவை மூன்று பிரதி எடுத்து 2019 ஜனவரியில் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொடுத்தோம். நான்கு பெண்களாகத்தான் போனோம். நோட்டீஸ் போன மறு வாரமே என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டிக்குப் பட்டை கட்டுகிற வேலை. ஒரு அக்காவின் கணவர் அதே கம்பெனி ஃபவுண்டரியில் இருந்தார். அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள், அக்கா விலகிக்கொண்டார். கம்பெனியில் முன்பணம் வாங்கியிருந்த இன்னொருவரும் விலகினார். அவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. வயிற்றுப்பாட்டைக் காட்டிப் பயமுறுத்தியவர்கள் மேல்தான் இன்றைக்கும் கோபம்.

எதிர்ப்பக்கத்து அண்ணன் ஒருநாள் சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்திக் கேட்டார். "உனக்கு ஏத்தறதுக்காக எங்களுக்குக் கொறச்சுருவாங்களா அம்மிணி?" ஆண்கள் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. நியாயமான பயம்தான். ஆனால் சமப்படுத்துகிறேன் என்று சொல்லி யாருடைய சம்பளத்தையும் குறைக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வக்கீலம்மா தமிழில் எழுதிக் கொடுத்த அந்த வரியை அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணையில் கம்பெனி இரண்டு காரணம் சொன்னது. ஆண்கள் பாரம் தூக்குகிறார்கள், நைட் ஷிப்ட் பார்க்கிறார்கள்.

"ஸ்டேட்டரை யாரும்மா தூக்குறது?" என்று அதிகாரி கேட்டார்.

"செயின் பிளாக்குங்க சார்" என்றேன். சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற கருவி அது.

அண்ணனையும் விசாரித்தார்கள். கம்பெனி ஆட்கள் முன்னால் உட்கார்ந்திருக்க, அவர் தலை நிமிராமலே "செயின் பிளாக்தாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். நைட் ஷிப்ட் விஷயம் வருகைப் பதிவேட்டிலேயே அடிபட்டுப் போனது. வைண்டிங் செக்‌ஷனுக்கு நைட் ஷிப்டே கிடையாது.

வாய்தா மேல் வாய்தாவாகப் போனது. நடுவில் 2020-இல் ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு போகும். உத்தரவு 2021 ஆகஸ்டில்தான் வந்தது. மூன்று வருட வித்தியாசம் கேட்டிருந்தோம், இரண்டு வருடத்துக்குக் கிடைத்தது. 589 வேலை நாள், நாளுக்கு 150 வீதம் 88,350 ரூபாய். பேக்கிங்கில் கழிந்த மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. மறுபடி வைண்டிங்குக்கு வந்தேன். அடுத்த மாதச் சீட்டில் 'வைண்டர்' என்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் காட்டினேன்.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. சம்பளத்தில் பாலினப் பாகுபாடு கூடாது என்பது அதிலும் இருக்கிறது. பாக்கியைக் கேட்க மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு. இதைக் கேள்விப்பட்டதும் முன்பு விலகிப்போன அக்காவைத் தேடிப் போனேன். இப்போது வேறொரு கம்பெனியில் வைண்டிங்கில்தான் இருக்கிறார். சீட்டில் இன்னும் 'ஹெல்பர்'.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். காலையில் போனதிலிருந்து சாயங்காலம் வரை செய்கிற வேலையை ஒன்றுவிடாமல் யோசித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன்.