ஏறின கியர்லயே இறங்கு

என் உயரம் 4 அடி 11 அங்குலம். பெரிய லொறி, பஸ் ஓட்டுகிற ஹெவி லைசனுக்கு 4 அடி 10க்குக் குறையக்கூடாது என்று லேனர்ஸில், அதாவது டிரைவிங் பழக்குகிற இடத்தில், சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பயத்தில் மெடிக்கலுக்குப் போன அன்று கொண்டையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு போனேன். அளந்த தாதி ஒன்றும் பேசாமல் கொண்டையை உள்ளங்கையால் அமுக்கிவிட்டுத்தான் அளவுகோலை இறக்கினார். அப்படியும் அந்த 1 அங்குலம் மிச்சமிருந்தது.

கண் பார்வை, நிறப்புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிற இலக்கம், காது, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். "ஹெவிக்கா?" என்று அங்கே 3 பேர் கேட்டார்கள். மூன்றாவது ஆள் அதை எழுதியும் விட்டு, பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒருமுறை கேட்டார்.

நான் கட்டுநாயக்கப் பக்கம் கார்மென்ட்ஸில் இருந்தவள். 2020இல் கொரோனா வந்ததும் திரும்பி வந்தேன். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். திரும்பி வந்தால் என்ன செய்வது? அம்மா 32 வருடம் கொழுந்து எடுத்தவர். "நீயும் படங்கு கட்டத்தான் வந்தியா?" என்றார். படங்கு என்பது கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாக்கு. அதைக் கட்டுவதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை, ஆனால் அட்டைக்கடிக்குப் பயம். லைட் லைசன் எடுத்தேன். ஊரில் மரக்கறி வாங்கி அனுப்புகிற முதலாளி ஒருவர் டிமோ பட்டா என்கிற தன் சின்ன லொறியை ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஆண் டிரைவர் 2 பேர் குடித்துவிட்டு வண்டியை ஓட்டி மதிலில் ஏற்றியிருந்ததால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இரண்டரை வருடம் பட்டா. லிந்துலை, நானுஓயாப் பக்கத்துத் தோட்டங்களில் லீக்ஸ், கரட், கோவா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் நிற்கும் பெரிய லொறிக்குக் கொடுப்பேன். அந்த லொறி இரவோடு இரவாகப் பேலியகொடைச் சந்தைக்குப் போகும். மூட்டையைக் கொண்டுவந்து கொடுப்பவளுக்கு ஒரு காசு, அதைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறவருக்கு அதைப்போல இரண்டரை மடங்கு. ஹெவி லைசன் ஆசை அங்கேதான் பிறந்தது.

லைட் எடுத்து 2 வருடம் ஆனபிறகுதான் ஹெவிக்குப் போகலாம். அந்தக் காலம் தாண்டியிருந்தது. லேனர்ஸ் காசுக்குச் சீட்டு எடுத்தேன். கணவர் வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை. போனில் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ராவுல ஓட்டணுமே" என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அம்மாதான் எதிர்பாராத ஆள். "கொழுந்து லொறி பின்னால ஏறி நின்னுக்கிட்டுப் போன காலத்துல முன்னாடி இருக்கிறவனைப் பாப்பேன்டி. மழையில நாங்க நனையுவோம், அவன் கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு வெத்தல போடுவான். போய் அந்த சீட்டுல உக்காரு" என்றார். உட்கார்ந்தால் கால் எட்டவில்லை என்பது வேறு கதை.

லேனர்ஸில் இருந்தது பழைய டாட்டா. ஆறு சில்லு, எயார் பிரேக். சீட்டை முழுதாக முன்னால் இழுத்தாலும் கிளச்சைக் கடைசிவரை அமுக்க இடுப்பை நழுவ விட வேண்டியிருந்தது. முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது இடது முழங்கால் வீங்கியிருந்தது. அடுத்த நாள் அம்மா தன் பழைய படங்கை எட்டாக மடித்து, மேலே கம்பளித் துண்டு சுற்றித் தைத்துக் கொடுத்தார். முதுகுக்குப் பின்னால் வைக்க. இன்றைக்கும் லொறியில் கிடப்பது அதுதான். மழை நாளில் அதிலிருந்து கொழுந்துச் சாயத்தின் வாடை வரும்.

சொல்லிக்கொடுத்தவர் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்கள மனிதர், 60 தாண்டியவர். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். என்னை "துவே" என்றுதான் கூப்பிடுவார், அதாவது மகளே. தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்கு மாறிவிடுவார். முதல் 3 நாளும் லொறியை நகர்த்தவே விடவில்லை. சாவியைத் திருப்பு, ஸ்டார்ட் பண்ணு, உட்கார்ந்திரு. டேஷ்போர்டில் பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும். காற்றுமானியின் முள் மெதுவாக எழும். பஸ்ஸர் நின்று, முள் பச்சைக் கோட்டுக்குள் போய், "புஸ்ஸ்" என்று காற்று வெளியேறுகிற சத்தம் கேட்டபிறகுதான் கை ஹாண்ட் பிரேக்குக்குப் போகலாம். காரில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் வேலை செய்யும், இதில் காற்றுத்தான் வேலை செய்கிறது. கம்ப்ரசர் டாங்கியை நிரப்பாமல் வண்டியை எடுப்பது, தண்ணீர் இல்லாத பவுசரை நெருப்பணைக்கக் கொண்டுபோவது மாதிரி என்பார்.

ஏற்றம் எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. மலையில் பிறந்தவர்களுக்கு ஏற்றத்தில் வண்டி எப்போது மூச்சு வாங்குகிறது என்பது காதிலேயே தெரியும் போல. இறக்கம்தான் என்னை அழ வைத்தது. அதற்குக் காரணம் என் மாமா.

மாமா, அம்மாவின் தம்பி, 25 வருடம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். கொழுந்து காத்திருக்காது. மூட்டைக்குள் சூடேறிச் சிவந்துவிட்டால் பெக்டரியில் தேயிலை கெட்டுவிடும். அதனால் வேகம் அவருக்கு ரத்தத்தில் இருந்தது. பட்டா ஓட்டப் பழகியபோது அவர் சொல்லித் தந்த வித்தை, இறக்கம் வந்தால் நியூட்ரலில் விட்டுவிடுவது. 2022இல் டீசல் கியூவில் 2 நாள் 3 நாள் கிடந்த காலத்தில் இந்த வித்தைக்கு மவுசு கூடிப்போயிற்று. எஞ்சின் சும்மா ஓடும், வண்டி தன்பாட்டில் உருளும், டீசல் மிச்சம். பட்டாவில் நான் இரண்டரை வருடம் அப்படித்தான் இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

நுவரெலியா 1,868 மீற்றர். தலவாக்கலை 1,200க்குக் கிட்ட. நடுவில் இருக்கிற அந்த இறக்கத்தை மாஸ்டர் என்னை 11 தடவை இறங்க வைத்தார். முதல் தடவை நானுஓயா தாண்டியதும் பழக்கதோஷத்தில் கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டது. அந்த மனிதர் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "சரி, இப்படியே போ" என்றார்.

பெட்டியில் மணல் மூட்டை ஏற்றியிருந்தோம். முதல் வளைவில் பிரேக் கேட்டது. இரண்டாவதில் கேட்டது. நான் தொட்டுத் தொட்டு மிதித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு "புஸ்". நாலைந்து வளைவு கழித்துக் காற்றுமானியைக் காட்டினார். முள் இறங்கியிருந்தது. மிதிக்க மிதிக்கக் காற்றுச் செலவாகிறது, எஞ்சின் ஐடிலில் கிடப்பதால் கம்ப்ரசரால் அந்த வேகத்துக்கு நிரப்ப முடியவில்லை. அடுத்த வளைவில் வழக்கமாக மிதிக்கிற அளவுக்கு மிதித்தேன், வண்டி வழக்கமாக நிற்கிற அளவுக்கு நிற்கவில்லை. ஸ்டேரிங்கைப் பிடித்திருந்த கை குளிர்ந்துபோயிற்று. பாதி தேய்ந்த இரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை கெபினுக்குள் வந்தது. "ஹெமின் துவே, ஹெமின்", மெதுவாக மகளே என்று சொல்லிக்கொண்டே கியரைப் போடச் சொன்னார். எஞ்சினை உறும விட்டு மூன்றாவதில் விழ வைத்தபோது லொறி மூக்கால் குத்துகிற மாதிரி ஒரு இழுவை இழுத்து அடங்கியது. தேயிலைக் கரையோரம் அகலமான இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

இறங்கிப் பின்சில்லுப் பக்கம் கூட்டிப்போனார். தொடாமல் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு அடி தள்ளியே அடுப்பு வாயில் கை வைத்த சூடு. சில்லுக்குள் இருக்கிற பிரேக் ட்ரம் சூடேறினால், அதை உரசி நிறுத்துகிற லைனிங் பிடிக்காது. எவ்வளவு பலமாக மிதித்தாலும் பிடிக்காது. காலில் பலம் இல்லாத பெண்ணால் லொறி ஓட்ட முடியாது என்கிற ஆட்களுக்கு இதைத்தான் சொல்லவேண்டும். அந்த நேரத்தில் எந்த ஆம்பளையின் கால் பலமும் உதவாது.

"ஏறின கியர்லயே இறங்கு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றார். அரைமணி நேரம் சில்லு ஆறும்வரை ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு எக்ஸோஸ்ட் பிரேக். புகைக்குழாயை அடைத்து எஞ்சினையே பிரேக் ஆக்குகிற அந்தச் சுவிட்சைப் போட்டால் வண்டி தொண்டையைச் செருமுகிற மாதிரி சத்தம் போடும். ஆனால் கிளச்சை மிதித்தாலோ நியூட்ரலில் போட்டாலோ அது வேலை செய்யாது. சரியான கியரில் அதையும் போட்டு இறங்கினால் பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஒரு தடவை, உறுதியாக மிதித்து விட்டால் போதும். பதினோராவது தடவை தலவாக்கலை வரை இறங்கி வந்து ட்ரம்மில் கை வைத்தேன். தொடக்கூடிய சூடுதான்.

ஒருநாள் நானுஓயாவில் ரதல்லைக் குறுக்கு ரோட்டு பிரிகிற இடத்தில் நிறுத்தினார். 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு அந்த இறக்கத்தில்தான் சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகளின் பஸ் ஒரு வேனிலும் ஆட்டோவிலும் மோதியது. வேனிலும் ஆட்டோவிலும் இருந்த 7 பேர் செத்துப்போனார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் செய்தியைக் கேட்டு அன்றிரவு தூங்கியவர்கள் குறைவு. அதற்குப் பிறகு பெரிய வாகனங்களை அந்த ரோட்டில் விடாமல் தடுத்தார்கள். மாஸ்டர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்த இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "போவோம்" என்றார்.

முதல் ட்ரயலில் பெயில். பின்னால் எடுக்கும்போது இடது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்து வலது பக்கக் கம்பத்தைச் சாய்த்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் கை தட்டினார்கள். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

இரண்டாவது தடவை லேனர்ஸ் லொறி காலையிலிருந்து நின்று காற்று இறங்கிப்போயிருந்தது. ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். பஸ்ஸர் கத்தியது. பரீட்சகர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து "யமு" என்றார். போவோம் என்று. நான் போகவில்லை. "ஐ யன்னெத்தே?" ஏன் போகவில்லை? எனக்கு அந்த நேரத்தில் சிங்களம், தமிழ் இரண்டும் மறந்துவிட்டது. விரலால் காற்றுமானியைக் காட்டினேன். அவர் முள்ளைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், கடிதாசியில் ஏதோ எழுதினார். முள் ஏறும்வரை 2 பேரும் பேசாமல் இருந்தோம். அன்று பாஸ்.

ஹெவிக்கு லைசன் 4 வருடத்துக்குத்தான். லைட்டுக்கு 8. ஆகவே 2028இல் மறுபடி கொண்டை அளவு.

முதலாளி உடனே கொழும்பு ஓட்டம் தரவில்லை. 2 மாதம் பழைய டிரைவரோடு பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பிறகு ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். மாமாதான் எனக்குத் துணைக்கு ஏறினார், கிளீனர் இடத்தில். கொட்டகலை, ஹட்டன், வட்டவளை. வட்டவளையில் மழையும் பனிமூட்டமும் ஒன்றாக. கினிகத்தேனை இறக்கத்தில் நான் மூன்றில் போட்டு எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டதும் மாமா முணுமுணுத்தார். "டீசலக் குடிக்க விடுறியே." எக்ஸோஸ்ட் பிரேக் போட்டு இறங்கும்போது எஞ்சினுக்கு டீசல் போவதே இல்லை என்று மாஸ்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. கித்துல்கலை வரை அவருடைய வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே வந்தது, பிரேக் இல்லாத இடத்தில்.

இப்போது வாரம் 4 ஓட்டம். எழுதச் சொல்லிக் கேட்ட தங்கச்சிமார் எல்லாரும் கேட்பது ஸ்டேரிங் பாரமா, ராவில் பயமா என்றுதான். பவர் ஸ்டேரிங்தான், பாரமில்லை. ராவில் பயம் முதல் மாதம்தான். ஒருத்தரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு மிகப் பெரிய பிரச்சினை கக்கூஸ். ஆண் டிரைவர்மார் ரோட்டோரம் நிறுத்திக் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். நான் முதல் ஓட்டங்களில் பகல் 3 மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் போய், ஒரு மாதத்தில் மூத்திரக் கடுப்பு வந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்தேன். டாக்டர் திட்டினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் வழியெல்லாம் விசாரித்துக் கணக்கு வைத்தேன். ராத்திரியில் திறந்திருக்கிற பெட்ரோல் செட் எது, அதில் கதவுக்குக் கொண்டி இருப்பது எது, வெளிச்சம் இருப்பது எது. மாத நாட்களில் எதில் தண்ணீர் வரும் என்பது உட்பட. சந்தையில் மூட்டை இறங்கும்வரை 2 மணி நேரம் போகும், அங்கே உள்ளே போவதென்றால் பொலித்தீன் பையில் சவர்க்காரமும் போத்தலில் தண்ணீரும் கையில் வேண்டும்.

அந்த ரோட்டில் போகிறவர்களுக்காக: எட்டியாந்தோட்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றுப் பக்கம், முன்னால் கித்துல் கருப்பட்டி தொங்கவிட்டிருக்கிற சாப்பாட்டுக் கடை ஒன்று விடியவிடியத் திறந்திருக்கும். பின்னால் ஒரு பாத்ரூம் இருக்கிறது, பூட்டியிருக்கும். காசு மேசையில் இருக்கிற ஐயாவிடம் கேட்டால் இல்லை என்பார். உள்ளே அப்பம் சுடுகிற அக்காவிடம் கேளுங்கள், சாவி அவரிடம்தான்.