எண்பது கோடி சதவீதம் நிரம்ப வேண்டிய தொட்டி

குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டி 90 சதவீதம் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய எங்கள் கட்டுப்பாட்டுப் பலகை, அதை நிறுத்தாமல் விட்டு மாடிப்படிகளில் அருவியை ஓடவிட்டது. நினைவகத்தில் 90 இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தால் 80,84,64,432 என்று இருந்தது. அத்தனை சதவீதம் நிரம்பட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்த மோட்டாரைக் குறை சொல்வதற்கில்லை.

மின் இரைச்சல்தான் காரணம் என்று தீர்ப்பளித்த மேலாளர், அதை அடக்க மின்கம்பிகளில் மாட்டும் ஃபெரைட் வளையங்களைப் பை நிறைய வாங்கிவரச் செய்தார். நானோ, 90ஐ வைத்திருந்த மாறியின் முகவரிக்கு, அங்கே எழுதும் கட்டளையைக் காட்டிக்கொடுக்கும் வாட்ச்பாயின்ட் வைத்தேன். பலகையிலிருந்த எஸ்டிஎம்32எஃப்103 சிப்பின் கார்டெக்ஸ் எம்3 ப்ராசஸருக்குள் இதற்கென்றே டிடபிள்யூடி என்னும் பகுதி உண்டு. அதிலுள்ள 4 ஒப்பீட்டு ரெஜிஸ்டர்களில் (சிறு நினைவிடங்களில்) ஒன்றில் முகவரியையும், அதன் துணையான ஃபங்ஷன் ரெஜிஸ்டரில் 6 என்ற எண்ணையும் எழுதிவிட்டால், அந்த இடத்தில் எழுதும் கட்டளை ஓடியதும், ஓரிரு கட்டளைகள் தள்ளியாவது, ப்ராசஸர் நின்றுவிடும். (நிற்பது ப்ராசஸர்தான், மோட்டார் அன்று என்பதை, சோதனை மேசைக்கு அடியிலிருந்த வாளி எங்கள் காலணிகளுக்கு உணர்த்தியது.) ஆகவே ப்ராசஸரை வெளியிலிருந்து நிறுத்தி ஆராயும் டிபக்கரைக் கழற்றி, மின்சாரத்தை ஒருமுறை துண்டித்துக் கொடுத்து, நிரலை நிறுத்தாமலே தகவல் தரும் டிபக் மானிட்டர் எக்செப்ஷனுக்கு மாறினேன், டிபக்கரின் பிடியில் இருக்கும் வரை அது வேலை செய்யாது.

தொடக்கத்தில் 90ஐ எழுதிய வரியை அது ஒழுங்காகப் பிடித்தது. அதன்பின் எவரையும் பிடிக்கவில்லை. எண் மட்டும் மாறிவிட்டது. மேலாளர் ஒரு வளையத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

டிடபிள்யூடி, ப்ராசஸர் எழுதுவதை மட்டுமே கவனிக்கும். ப்ராசஸரின் கை படாமல் தரவைக் கடத்தும் டிஎம்ஏ நேராக நினைவகத்தில் எழுதினால், வாசலில் காவலாளி விழித்திருக்கப் புழக்கடை வழியாக நுழைந்த கதைதான். அந்தப் பெரிய எண்ணைப் பதினறும முறையில் மாற்றிப் பார்த்தேன்: 30303030. ஆஸ்கியில் 30 என்பது சுழியத்தின் குறியீடு. புதிதாக வாங்கிய நீர்மட்ட உணரி, பழையதைப் போல 16 எழுத்துகளை அனுப்பாமல், இறுதியில் நான்கு சுழியங்களைச் சேர்த்து 20 எழுத்துகளை அனுப்பிக்கொண்டிருந்தது. டிஎம்ஏவின் நீளத்தை 20 ஆக்கிய மாதிரி நிரல், வரும் எழுத்துகளை வாங்கிவைக்கும் 16 பைட் பஃபரை அப்படியே விட்டுவைத்திருந்தது. அதற்கு அடுத்த வீட்டில்தான் எங்கள் 90 குடியிருந்தது.

பஃபரை 20 ஆக்கியதும் மோட்டார் உரிய நேரத்தில் நின்றது. ஆனால் அறிக்கையிலிருந்து 'மின் இரைச்சல்' என்ற சொல்லை நீக்க மேலாளர் சம்மதிக்கவில்லை. வளையங்களுக்கான ரசீதைக் கணக்குப் பிரிவில் ஏற்கெனவே கொடுத்துவிட்டாராம்.