கையை ஊன்றாமல் விழுந்தவன்

முதலில் நாங்கள் அவனைத்தான் திட்டினோம். "கீழே பார்த்து நடடா!" மகனுக்கு அப்போது நான்கு வயது. தடுக்க ஒன்றுமே இல்லாத சமதரையில் பொத்தென்று விழுவான். உடனே எழுந்து, விட்ட இடத்திலிருந்து விளையாடுவான். வலிப்பு என்றால் கை கால் வெட்டி இழுக்கும் என்றுதானே நினைத்திருந்தோம்?

என்னை உறுத்தியது ஒன்றுதான். விழும்போது அவன் கையை ஊன்றவே இல்லை. தடுக்கி விழுகிற குழந்தை கையை நீட்டும். இவனுக்கோ எப்போதும் மோவாயிலும் நெற்றியிலும்தான் தையல்.

கைபேசியில் எடுத்த காணொளியைப் பார்த்துத்தான் நரம்பியல் மருத்துவர் சந்தேகப்பட்டார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை உறுதி செய்தது: ஏடோனிக் வலிப்பு. நாம் சும்மா நிற்கும்போதும் தசைகளில் ஒரு இறுக்கம் இருக்கிறது. மூளையில் திடீரெனக் கிளம்பும் மின் கோளாறு அதைச் சட்டென்று அணைத்துவிடுகிறது. பெரும்பாலும் 15 நொடிக்குள் முடிந்துவிடும். சில நேரம் உடல் விழாது, தலை மட்டும் தொங்கும். விறைத்துச் சாய்ந்தால் அது வேறு வகை, டோனிக். எல்லா வலிப்பு மருந்தும் இதற்கு ஒத்துவராது. கார்பமாசெபைன் சிலருக்கு இதை அதிகமாக்கவும் கூடும்.

வால்ப்ரோயேட் என்ற மருந்து ஓரளவு குறைத்தது. அப்புறம் மருத்துவர் மேற்பார்வையில் கீட்டோஜெனிக் உணவு, அதாவது கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு. 1920களிலிருந்தே வலிப்புக்குத் தரப்படுவதாம். நான் என்னவோ எடை குறைக்கிற மோகம் என்றே நினைத்திருந்தேன்.

தலைக்கவசம்தான் பெரும் போராட்டம். கழற்றி எறிவான். கடைசியில் அதன்மேல் டைனோசர் ஒட்டினோம். இப்போது தூங்கும்போதும் கழற்ற விடுவதில்லை.