ரோம வெள்ளிக்காசை அடையாளம் காண்பது: எடை, எழுத்து, கையில் இருக்கும் பொருள்

தெனாரியஸ் என்னும் ரோம வெள்ளிக்காசு கைக்கு வந்ததும் அதைத் தேய்க்கக் கூடாது. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த வெள்ளி உள்ளே படிகமாகி நொறுங்கும் தன்மை பெற்றிருக்கலாம். மேசையிலிருந்து விழுந்தாலே இரண்டாகிவிடும். புளி, பற்பொடி, துணி எதுவும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மண்ணை இளக்கினால் போதும்.

அடுத்தது எடை. பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துக் காசு ஏறத்தாழ 3.9 கிராம், பேரரசர் நீரோ கி.பி. 64-இல் தரத்தைக் குறைத்த பிறகு சுமார் 3.4. தேய்ந்த காசு இன்னும் குறையும். ஆனால் அகஸ்டஸ் காசு தேய்மானமே இல்லாமல் 3 கிராம்தான் இருந்தால், செம்பின் மேல் வெள்ளி போர்த்திய அந்தக் காலத்துக் கள்ளக்காசோ என்று விளிம்பைப் பாருங்கள். உடைந்த இடத்தில் செம்பு தெரியும். நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு அடர்த்தியும் பார்க்கலாம் (காசின் எடையை அது நீரில் இழக்கும் எடையால் வகுக்க வேண்டும்): வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 3.5 கிராம் காசு நீரில் இழக்கும் எடை 0.33 கிராம்தான், 0.01 கிராம் காட்டும் தராசில் விடை 3 விழுக்காடு வரை பிசகும். மில்லிகிராம் தராசு தேவை. காசில் ஒட்டிய காற்றுக்குமிழும் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும்.

எழுத்துக்கு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துக் காசை மெல்லச் சுழற்றுங்கள். பேரரசர் காலக் காசில் எழுத்து பெரும்பாலும் இடது கீழிருந்து கடிகாரச் சுற்றில் ஓடும். பேரரசர் திராயன் காசில் ஐந்தாம் முறை கான்சல் (ரோமின் உயர் ஆட்சிப் பதவி) என்ற குறிப்பு வந்தால் அது கி.பி. 103-க்கும் 111-க்கும் இடைப்பட்டது.

பின்பக்கத்து உருவத்தின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை, கையைப் பாருங்கள். சுக்கான் என்றால் அதிர்ஷ்ட தேவதை ஃபோர்ச்சூனா, பாம்புக்கு ஊட்டினால் நலத்தின் தேவதை சாலுஸ், பூவை ஏந்தி ஆடை மடிப்பைத் தூக்கினால் நம்பிக்கையின் தேவதை ஸ்பெஸ். தராசும் வளக்கொம்பும் (கனிகள் நிறைந்த கொம்பு) மட்டும் சிக்கல்: ஈக்விட்டாஸ், மொனேட்டா என்ற இரு தேவதைகளும் அதையே ஏந்துவதால் எழுத்துதான் முடிவு சொல்லும்.

கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களில் அதிகம் வருபவை இரண்டு. அகஸ்டஸின் காயுஸ், லூசியுஸ் காசில் இரு இளவரசர்கள், இடையே கேடயங்கள், ஈட்டிகள். மேலே பூசைக் கரண்டியும் குறிசொல்வோரின் வளைகோலும். இவ்விரண்டும் இடம் மாறிய வகையும் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். திபேரியஸ் காசில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். அவளது இருக்கையின் கால்கள் வெறுமையாக உள்ளனவா, அலங்காரம் பெற்றனவா என்பதையும் எழுதி வையுங்கள். வெளியீட்டு வகை அதில்தான் பிரிகிறது.